பஸ்ஸீனில் ஆட்களை எண்ணும் முறை

மனித குலத்தின் மூடநம்பிக்கைகள் அனைத்தும் பர்மாவின் பஸ்ஸீன் ஊரில், ஒரு சனிக்கிழமை காலை, மழை சற்று ஓய்ந்திருந்த நேரத்தில் முடிவுக்கு வந்தன. முடித்து வைத்தவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. யாராவது ஒருவர் முடித்து வைக்கத்தான் வேண்டியிருந்தது. அன்று பார்த்து நான் ஊரில் இருந்தேன்.

ரங்கூன் பல்கலைக்கழகத்தில் தர்க்கம் படிக்கிறேன். ஹபீபா அக்காவின் கல்யாணத்துக்காக வகுப்புகளுக்கு மட்டம் போட்டுவிட்டு வந்திருந்தேன். கல்யாணம் செவ்வாய்க்கிழமை. அந்தச் செவ்வாயை விட்டால் வேறு நாள் இல்லை. யூதர்களான எங்களுக்கு வியாழக்கிழமை நோன்பு, அதிலிருந்து மூன்று வாரம் துக்க காலம், எங்களில் யாரும் கல்யாணம் செய்ய மாட்டார்கள். மாப்பிள்ளை ஷவுல் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ரங்கூனில் கப்பலேறி ஷாங்காய் போகிறார். அங்கே ஒரு பஞ்சு வியாபாரியிடம் நாலு வருஷ ஒப்பந்தம். செவ்வாய் தவறினால் அவர் தனியாகப் போவார். ஷாங்காய்க்குத் தனியாகப் போன மாப்பிள்ளைகளைப் பற்றி எங்கள் பெண்களிடம் நிறையக் கதைகள் உண்டு. எதிலும் முடிவு நன்றாக இல்லை.

பஸ்ஸீனில் யூத வீடுகள் ஏழெட்டுதான். எல்லோருடைய பாட்டன்களும் பாக்தாத்திலிருந்து கல்கத்தா வழியாக, அரிசியையும் தேக்கையும் முகர்ந்துகொண்டு வந்தவர்கள். அவர்கள் காலத்தில் ஜெப ஆலயத்தில் உட்கார இடமில்லாமல் அடிதடி நடந்ததாம். இப்போது இடத்துக்குப் பஞ்சமில்லை, ஆளுக்குத்தான். எங்கள் முறைப்படி வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் கூடினால் அது சபை. ஒன்பது பேர் கூடினால் அது ஒன்பது பேர். சபை இல்லாமல் வாரத்தின் பெரிய ஜெபம் கிடையாது, கல்யாணத்தின் ஏழு ஆசிகளும் கிடையாது. நான் லீவுக்கு வந்தால் பத்து. நான் ரங்கூனில் இருந்தால், யாராவது வழிப்போக்கன் வருகிறானா என்று ஸ்டீமர் துறைக்கு ஆள் அனுப்புவார்கள்.

இதில் விசேஷம் என்னவென்றால், பத்துப் பேர் இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள வேண்டும், ஆனால் எண்ணக் கூடாது. மனிதரை ஒன்று இரண்டு என்று எண்ணினால் கண் படும், எண்ணப்பட்டவன் குறைந்து போவான் என்று தாவீது ராஜா காலத்திலிருந்து ஒரு பயம். அதனால் எபிரேயத்தில் பத்தே சொற்கள் கொண்ட ஒரு ஜெப வரியை ஆளுக்கொரு சொல்லாகப் பங்கு வைப்போம். முதலில் நுழைகிறவருக்கு ‘காப்பாற்றும்’. கடைசியில் வருகிறவருக்கு ‘என்றென்றும்’. ஒன்பதாவது சொல்லுக்கு ‘வரைக்கும்’ என்று அர்த்தம். எங்கள் ஊரில் பல சனிக்கிழமைகள் ‘வரைக்கும்’ என்ற இடத்தோடு நின்றுபோய், எல்லோரும் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருக்கிறார்கள்.

அந்தச் சொற்களைப் பங்கு வைப்பவர் யோனா மாமா. ஆலயத்தின் மொத்த நிர்வாகமும் அவர்தான். கோழி அறுப்பார், ஜெபம் நடத்துவார், விளக்குத் துடைப்பார், கல்யாணமும் செய்து வைப்பார். அன்று வாசல்படியில் நின்றுகொண்டு, உள்ளே போகும் ஒவ்வொரு தலைக்கும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

“மாமா, எந்தச் சொல்லுல இருக்கீங்க?” என்று கேட்டேன்.

“பேச்சுக் குடுக்காதடா. விட்டுப் போயிடும்.”

“விட்டுப் போனா?”

“மறுபடி ‘காப்பாற்றும்’லேருந்து ஆரம்பிக்கணும்.”

“மில்லுல அரிசி மூட்டையை இப்படித்தான் எண்ணுறாங்களா?”

“மூட்டைக்கு உயிர் இல்லையே, நயீம்.”

“சாலேஹ் அண்ணனைப் பாருங்க. அவருக்கும் இருக்குற மாதிரி தெரியல.”

அரிசி மில் குமாஸ்தா சாலேஹ் அதற்குள் தூங்கிவிட்டிருந்தார். இரண்டு பேர் சிரித்தார்கள். தர்க்கம் படிக்கிறவனுக்கு இரண்டு பேர் சிரித்தால் போதும், நிறுத்தத் தெரியாது. நான் கூடத்தின் நடுவில் போய் நின்று ஆள்காட்டி விரலை நீட்டினேன்.

“ஒண்ணு.” அது யோனா மாமா. “ரெண்டு.” அது எங்கள் அப்பா ஹஸ்கேல், சோடா கம்பெனி முதலாளி. இப்படியே விரல் சுற்றி வந்தது. மரக்கடைச் சகோதரர்கள் எஸ்ராவும் நிசிமும் தலையைக் குனிந்துகொண்டார்கள், விரல் மேலே பறந்து போய்விடும் என்பதுபோல. என்னையும் சேர்த்துக்கொண்டேன். நான் பாரபட்சம் பார்ப்பவன் அல்ல. “பத்து” என்று சொல்லும்போது விரல் வாசலில் போய் நின்றது. அப்போதுதான் ஒரு காலை உள்ளே வைத்திருந்தார் மேயிர் கடூரி. எதிர்சாரியில் பாத்திரக் கடை வைத்திருப்பவர்.

மேலே பெண்கள் பகுதியிலிருந்து அம்மா உச்சுக் கொட்டியது மட்டும் கேட்டது.

“பார்த்தீங்களா? யாருக்கும் ஒண்ணும் ஆகல” என்றேன்.

“உக்காரு” என்றார் அப்பா.

மூடநம்பிக்கை அந்த இடத்தில் ஒழிந்தது. மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

மத்தியானம் சாலேஹுக்குக் குளிர்ஜுரம் கண்டது. மழைக்காலம் தோறும் அவருக்குக் குளிர்ஜுரம் வரும். இதை நான் எல்லோருக்கும் எடுத்துச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அதே மத்தியானம் மரக்கடைச் சகோதரர்கள் வீட்டுக்குத் தந்தி வந்தது. சனிக்கிழமை எங்கள் ஓய்வுநாள், வானத்தில் நட்சத்திரம் தெரியும் வரை உறை கிழிக்கக் கூடாது. தந்தி மேஜைமேல் கிடந்தது. அவர்களுடைய அம்மா அக்யாபில் மகள் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தாள், ஆகவே உள்ளே என்ன இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பிரிக்காத வரை யாருக்கும் தெரியாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். அப்பாவும் நானும் போய் உட்கார்ந்தோம். எஸ்ரா தந்தியின் மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்திருந்தார், காற்றுக்குப் பறக்காமல். நிசிம் ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டிருந்தார்.

“மேகமா இருக்கு. நட்சத்திரம் தெரியாது” என்றார்.

“தெரியாட்டி என்ன, நேரமாச்சுன்னா பிரிக்க வேண்டியதுதான்” என்றார் எஸ்ரா.

“நேரமாக வேண்டாம்” என்றார் நிசிம்.

நேரமானது. பிரித்தார்கள். அவர்களுடைய அம்மா போய்விட்டாள். சகோதரர்கள் இருவரும் சட்டையைக் கிழித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். எங்கள் துக்க முறைப்படி இனி ஏழு நாள் வீட்டை விட்டு வெளியே வரமாட்டார்கள். கல்யாணத்துக்கு வருவது என்ற பேச்சே இல்லை.

திரும்பி வரும்போது அப்பா குடையை என் பக்கம் சாய்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா படிகாரம் சுட்டாள். அக்காவை மூன்று முறை சுற்றி அடுப்பில் போட்டால், படிகாரம் பொரிந்து, கண் வைத்தவர் உருவத்தில் நிற்கும். அம்மா இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இது உன் மூக்கு” என்றாள் என்னிடம்.

“அம்மா, அது சூட்டுல உப்பின படிகாரம்.”

“எனக்குத் தெரியாதா? பெத்தவ நான். இது உன் மூக்குதான்.”

வாங்கிப் பார்த்தேன். ஒரு கோணத்தில் கொஞ்சம் ஜாடை இருக்கத்தான் செய்தது. அப்படிப் பார்த்தால் எல்லாப் பாறைக்கும் எங்கள் குடும்ப மூக்குதான்.

அப்பா மேஜையில் காலி சோடா பாட்டில்களை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார். பாட்டிலை எண்ணலாம், தோஷம் இல்லை. சாலேஹுக்கு ஒன்று எடுத்துக் கீழே வைத்தார். சகோதரர்களுக்கு இரண்டு. ரங்கூனிலிருந்து மாப்பிள்ளை, அவருடைய அப்பா மெனாஷே, அண்ணன் என்று மூன்று பேர் வருகிறார்கள். அவர்களுக்கு மூன்று பாட்டில் சேர்த்தார்.

“இப்ப எத்தனைன்னு நான்...” என்று விரலை நீட்டினேன். அம்மா கரண்டியால் விரலில் ஒரு போடு போட்டாள்.

அப்பா மனதுக்குள் பார்த்துக்கொண்டார். “சரியா இருக்கு. ஒரு சொட்டு மிச்சம் இல்ல. மேயிர் வரணும். அவ்வளவுதான்.”

“மேயிர் மாமா ஏன் வராம இருக்கப் போறாரு? எதிர்க்கடைதானே” என்றேன்.

அக்கா அறைக்குள் ஷாங்காய்ப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். கம்பளிச் சட்டையை மடித்து வைத்தாள், எடுத்தாள், மறுபடி மடித்தாள். நான் உதவிக்குப் போனேன்.

“தொடாத” என்றாள். “நீ கை வெச்சா பெட்டியும் கல்யாணத்துக்கு வராது.”

“நீயுமா அக்கா?”

“டேய், எனக்காகப் பத்துப் பேர் வேணுமாம். அந்தப் பத்துல நான் ஒரு ஆள் இல்ல. அம்மா இல்ல. அத்தைங்க யாரும் இல்ல. எங்களை நீ தாராளமா எண்ணலாம், ஒண்ணும் ஆகாது. அந்தளவுக்குக் குடுத்து வெச்சிருக்கோம்.” பெட்டி மூடியை அழுத்தி உட்கார்ந்தாள். பூட்டு விழவில்லை. “செவ்வாய் தவறினா நாலு வருஷம்டா. நாலு வருஷம் கழிச்சு வந்து என்னை அடையாளம் தெரியுதான்னு பார்ப்பாரா?”

இதற்குத் தர்க்க சாஸ்திரத்தில் பதில் இருக்கிறது. அதைத் தேடிக்கொண்டே கூடத்துக்கு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை அம்மா வீடு வீடாகப் பேரீச்சம்பழப் பிஸ்கோத்துத் தட்டுகளை அனுப்பினாள். அதை எடுத்துக்கொண்டால் கல்யாணத்துக்கு வருவதாக அர்த்தம். மத்தியானம் மேயிர் கடூரி வீட்டுத் தட்டு திரும்பி வந்தது. துணிகூட விலக்கியிருக்கவில்லை.

அம்மா தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அப்பா மேஜையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கீழே வைத்தார். ரங்கூன் ஸ்டீமர் காலையிலேயே கிளம்பியிருக்கும், இனி தந்தி கொடுத்து அங்கிருந்து ஆள் கூட்டிவரச் சொல்ல வழியில்லை. புதன்கிழமை நாங்கள் ரங்கூன் கிளம்பினால் போய்ச் சேரும்போது வியாழன், நோன்பு. அப்பா என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் குடையைக்கூட எடுக்காமல் பாத்திரக் கடைக்குப் போனேன்.

மேயிர் கடூரி எனாமல் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். “வாங்க புரொபசர். என்ன வேணும்? எண்ணித் தர்ற மாதிரி ஏதாவது காட்டட்டுமா? ஸ்பூன் இருக்கு.”

“மாமா, தட்டு தவறிப் போய்த் திரும்பி வந்துடுச்சுன்னு அம்மா அனுப்பினா.”

“தவறல.”

“எங்க அப்பா மேல கோவமா?”

“உங்கப்பன் தங்கம். ஹபீபாவும் தங்கம். அந்தக் குழந்தைக்காக நான் பலியாகவும் தயார். ஆனா வர மாட்டேன்.”

“பயப்படுறீங்களா? சாலேஹ் அண்ணனுக்கு வருஷா வருஷம் ஜுரம் வரும். மரக்கடைக்காரங்க அம்மாவுக்குத் தொண்ணூறு வயசு. இதெல்லாம் தற்செயல், மாமா.”

அவர் ஒரு தட்டை எடுத்துத் துடைத்தார். “பயமும் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா அதில்லடா. இங்க வந்து உக்காரு. வாசலைப் பாரு.”

பார்த்தேன். மழையினூடே ஜெப ஆலயத்தின் படி நேர் எதிரே தெரிந்தது.

“இங்கேருந்து யோனாவோட உதடு தெரியும். சனிக்கிழமை இந்த ஸ்டூல்ல உக்காந்து பார்த்துக்கிட்டே இருப்பேன். ஒன்பதாவது சொல்லுக்கு அவன் மேலுதடு ஒரு மாதிரி ஏறும். அப்பத்தான் எழுந்திருப்பேன். என் மீசை கறுப்பா இருந்த காலத்துலேருந்து நான்தான் ‘என்றென்றும்’. எனக்குப் பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல. வாரத்துல ஒரு நாள், எல்லாரும் வாசலைப் பார்த்துக்கிட்டு இருக்கும்போது, நான் உள்ள கால வெப்பேன். யோனா அந்தச் சொல்லை என் மேல சொல்லுவான். அப்புறந்தான் சபை.” தட்டை வைத்தார். “நீ என்னைப் பத்தாக்கிட்ட.”

“பத்துன்னா மோசமா மாமா? அதுக்கப்புறம் எண்ணிக்கையே இல்லாத மாதிரி ஒரு கௌரவம்...”

“பத்துன்னா ஒன்பதுக்குப் பின்னாடி. அவ்வளவுதான். பத்து தட்டுன்னாலும் அதேதான்.”

“சரி, நான் என்ன செய்யட்டும்? மன்னிப்புக் கேட்கட்டுமா?”

“மன்னிப்ப வெச்சு நான் என்ன பண்றது, கடையில தொங்கவிடவா? எண்ணினதைத் திருப்பி எடுத்துக்கோ.”

“எண்ணினதை எப்படித் திருப்பி எடுக்குறது?”

“அது உன் பாடு. நீதானே படிச்சவன்.”

அன்று சாயங்காலம் மரக்கடை வீட்டுத் துக்க ஜெபத்துக்குப் போனோம். உட்கார்ந்திருந்தவர்களை யோனா மாமா உதட்டால் சுற்றி வந்தார். ‘வரைக்கும்’ சொல்லுக்குக்கூடப் போய்ச் சேரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஸ்டீமர் நேரத்துக்கு வந்தது. மாப்பிள்ளை ஷவுல் நல்ல மனிதர், மூன்று தடவை என் கையைக் குலுக்கினார், மூன்றும் ஈரம். அவருடைய அப்பா மெனாஷே ஜெப ஆலயத்துக்குள் நுழைந்ததும் பெஞ்சுகளைப் பார்த்தார்.

“மத்தவங்க எல்லாம் எங்க?”

“வந்துக்கிட்டே இருக்காங்க” என்றார் அப்பா.

“எங்க ரங்கூன்ல தெருவுல ஒரு கல்லை வீசினா பத்துப் பேர் மேல படும், சம்பந்தி.”

“இங்கயும் வீசலாம். கல் கிடைக்கிறதுதான் கஷ்டம்” என்றார் யோனா மாமா. யாரும் சிரிக்கவில்லை.

நாலு மணிக்கு முகூர்த்தம். மணமக்கள் தலைக்கு மேல் பிடிக்கும் சால்வையை மாப்பிள்ளையின் அண்ணன் பிரித்து, மடித்து, பிரித்தார். மேலே பெண்கள் பகுதியில் அக்கா வெள்ளைப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். மருதாணிக் கை இரண்டும் மடியில் அசையாமல் கிடந்தன. கம்பித் தடுப்பின் இடைவெளியில் தெரிந்தது அந்தக் கைகள் மட்டும்தான். நான் அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன்.

எதிரே பாத்திரக் கடை பாதி திறந்திருந்தது. மேயிர் கடூரி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எனாமல் தட்டுகளுக்கு நடுவே, கல்யாணத்துக்குப் போடும் கறுப்புக் கோட்டும் வெள்ளிப் பொத்தானுமாக.

அதைப் பார்த்ததும் யோனா மாமாவுக்கு உயிர் வந்தது. வாசல்படியில் போய் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் உதட்டை அசைத்தார். ஒன்பதாவது சொல்லுக்கு மேலுதடு ஏறியது. அப்படியே நின்றார். மேயிர் கடூரி அசையவில்லை. அவர் யோனா மாமாவின் உதட்டைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெனாஷே கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போட்டார். “ஹஸ்கேல், தப்பா நினைக்காதீங்க. பையன் போய்ட்டு வரட்டும். நாலு வருஷம்னா ஓடிடும். அதுக்குள்ள உங்க ஊருக்கும் ஆள் சேரும்.”

அப்பா மெல்ல பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மேலே ஏதோ விழுந்த சத்தம், வளையலாக இருக்கலாம்.

எனக்கு உள்ளே புழுக்கமாக இருந்தது. காற்றுக்காக வாசல்படிக்குப் போனேன். காற்றுக்காகத்தான். யோனா மாமா நகர்ந்து இடம் விட்டார். விரல்கள் தாமாக நீளக்கூடும் என்பதால் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

யோனா மாமாவைப் பார்த்தேன். அப்பாவைப் பார்த்தேன். சால்வையோடு நின்ற அண்ணனை, ஈரக் கையோடு நின்ற ஷவுலை, ஒவ்வொருவராக. எனக்கும் ஒரு சொல் எடுத்துக்கொண்டேன். சின்ன வயதில் ஜெபப் பள்ளியில் நெட்டுருப் போட்டது, ஒரு சொல்கூட மறக்கவில்லை. எல்லாம் இவ்வளவு நன்றாக ஞாபகம் இருப்பது எனக்கே எரிச்சலாக இருந்தது. ஒன்பதாவது சொல் மெனாஷேயின் தலைமேல் விழுந்தது. அதற்கு மேலுதடு ஒரு மாதிரி ஏறத்தான் செய்கிறது. அது அந்தச் சொல்லின் கோளாறு.

அப்புறம் தெருப் பக்கம் திரும்பினேன்.

மேயிர் கடூரி எழுந்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். குடையை விரித்து, நடுத்தெருவில் தேங்கியிருந்த தண்ணீரைச் சுற்றிக்கொண்டு, அவசரமே இல்லாமல், எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்க, வந்தார். படியில் நின்று குடையை உதறினார். என் முகத்தைப் பார்த்தபடி ஒரு காலை உள்ளே வைத்தார்.

என் உதடு அசைந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். சத்தம் எதுவும் வரவில்லை. வந்திருந்தால் அது மழை.